காலில் ரத்தக்குழாய் அடைப்பு: பலூன் எப்போது, ஸ்டென்ட் எங்கே, எது சொதப்பும்?

#1 கெண்டைவலி

டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் "தொடைத் தமனியில் 18 செ.மீ. நீளத்துக்கு முழு அடைப்பு; முட்டிக்குக் கீழே மூன்றில் இரண்டு குழாய்களில் ஓட்டம் இருக்கிறது; ஏ.பி.ஐ. 0.60" என்று வந்தால் அடுத்து என்ன? (ஏ.பி.ஐ. என்பது கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்த எண்.) பலூன் போட்டே, அதாவது அடைத்த குழாயை உள்ளிருந்து பலூனால் விரித்தே, ஆக வேண்டுமா? போட்டால் உள்ளே என்னதான் செய்கிறார்கள், எவ்வளவு நாள் தாங்கும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "டாக்டரைப் பாருங்கள்" மட்டும் வேண்டாம், அது தெரிந்த விஷயம்தான்.

#2 குழாய்த்தச்சன்

அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கால் என்ன சொல்கிறது?

நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது, புண் எதுவும் இல்லை என்றால் அவசரமே கிடையாது. ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்றால் கதை வேறு. ஆறாத புண்ணோ கறுத்த விரலோ இருந்தால் அது காலைக் காப்பாற்றும் வேலை, நாள் கடத்தக்கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்த கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது மணிக்கணக்கு. ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பித்துவிடும். இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அதே 18 செ.மீ. அடைப்பு முதல் ஆளுக்கு நடைப்பயிற்சி, மூன்றாம் ஆளுக்கு இந்த வாரமே சிகிச்சை. அடைப்பின் நீளம் எந்தக் கருவி என்பதைத்தான் சொல்லும், செய்யலாமா வேண்டாமா என்பதைக் கால் சொல்லும்.

#3 ஸ்கேன்_அறை

ஏ.பி.ஐ. எண்ணை அப்படியே நம்புவதற்கு முன் எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே பட்டை கட்டி, பாதத்தின் மேற்பக்கத் தமனியிலும் உள்கணுக்காலுக்குப் பின்னால் உள்ள தமனியிலும் கையடக்க டாப்ளரை வைத்து, காற்றை இறக்கும்போது சத்தம் எந்த அளவில் திரும்புகிறதோ அதைக் குறிக்க வேண்டும். இரண்டில் கூடியதை எடுத்து, இரு கைகளில் கூடிய அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கை 140, கணுக்கால் 84 என்றால் 0.60.

0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு. 1.00 முதல் 1.40 வரை சரி. 1.40-க்கு மேல் போனால் சந்தோஷப்படாதீர்கள். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் அதை அமுக்கவே முடியவில்லை என்று அர்த்தம். நாள்பட்ட சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இது சகஜம். விரல் கறுத்திருக்கும், ரிப்போர்ட்டில் 1.1 என்று "நார்மல்" போட்டிருக்கும். இவர்களுக்குக் கட்டைவிரல் அழுத்தம் எடுக்க வேண்டும். விரலின் சிறு தமனிகளில் அந்தச் சுண்ணாம்பு குறைவு. 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது கஷ்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. படுத்திருக்கும்போது 0.95, நடந்தால் வலி. அப்போது டிரெட்மில்லில் நடக்கவிட்டு உடனே மறுபடி எடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அடைப்புதான். இறங்கவே இல்லை, உட்கார்ந்து முன்னால் குனிந்தால்தான் வலி விடுகிறது என்றால் முதுகுத்தண்டு நரம்பைப் பாருங்கள். தண்டுவடக் குறுக்கத்துக்குக் காலில் பலூன் போட்டால் வலி அப்படியேதான் இருக்கும்.

#4 நடைமருந்து

முதல் வகைக்கு, அதாவது நடந்தால் மட்டும் வலி வருபவர்களுக்கு, நடைதான் முதல் சிகிச்சை. ஆனால் "தினமும் கொஞ்சம் நடங்க" என்று சொல்லி அனுப்புவது சிகிச்சையே அல்ல. அளவு இருக்கிறது: வாரம் மூன்று நாளாவது, ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி மிதமான அளவுக்கு வரும்படி வேகத்தையோ ஏற்றத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் நில்லுங்கள், முழுசாக விடட்டும், மறுபடி தொடங்குங்கள். ஒரே வேகத்தில் பத்து நிமிடம் நடக்க முடிகிறதென்றால் வேகத்தைக் கூட்டுங்கள்.

எல்லோரும் செய்யும் தப்பு, வலி தொடங்கும் முன்பே நின்றுவிடுவது. வலிவரை போகாமல் உடம்பு பழகாது. பாதத்தில் புண்ணோ இரவு வலியோ இருந்தால் இந்த முறையைத் தொடவே கூடாது.

#5 மாத்திரைப்பெட்டி

பலூன் போட்டாலும் போடாவிட்டாலும் மருந்து உண்டு என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். கால் குழாய் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அதே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். காலை இழப்பவர்களைவிட மாரடைப்பில் போகிறவர்கள் அதிகம். ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரல் 75 மி.கி.யோ, கூடவே கொழுப்பைக் குறைக்க அதிக வீரிய ஸ்டாட்டின். ரத்தக்கசிவு அபாயம் குறைந்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்ஸபன் 2.5 மி.கி. இரண்டு வேளை. இந்த 2.5-ஐக் கவனியுங்கள், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் 20 மி.கி. வேறு கணக்கு.

நடைதூரம் கூட சிலோஸ்டசால் 100 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ இரண்டு மணி பின்போ. இதயச் செயலிழப்பு இருந்தால் கூடவே கூடாது. தலைவலியும் படபடப்பும் முதல் வாரத்தில் வரும், அதனால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல் சேர்ந்தால் ரத்தத்தில் சிலோஸ்டசால் அளவு கூடும், 50 மி.கி. ஆக்குவது வழக்கம்.

புகை பிடித்துக்கொண்டே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல்) போட்டுக்கொள்வதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

#6 கெண்டைவலி

நன்றி. சரி, 12 வாரம் முறையாக நடந்தும் 100 மீட்டர் தாண்டவில்லை, வேலைக்கே போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன நடக்கும்?

#7 குழாய்த்தச்சன்

வலது தொடையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் இடது அரையில் (தொடை இடுக்கில்)தான் ஊசி. கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். இடது தொடைத் தமனியில் ஏறி, மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் வளைந்து, வலது பக்கம் இறங்குவது. 45 செ.மீ. நீள ஷீத் (கருவிகள் நுழையும் குழல்), 6 ஃபிரெஞ்சு. மூன்று ஃபிரெஞ்சு ஒரு மி.மீ., ஆக உள்விட்டம் 2 மி.மீ. அவ்வளவுதான் வாசல். அதே பக்கத்திலேயே கீழ்நோக்கியும் குத்தலாம். முட்டிக்குக் கீழே வேலை என்றால் அதுதான் வசதி, ஒயர் சொன்ன பேச்சு கேட்கும். பருத்த வயிறு என்றால் சிரமம்.

குத்தியதும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் விட்டு எடுக்கும் முதல் படத்தைப் பாதம்வரை எடுக்க வேண்டும். இதைப் பலர் அவசரத்தில் விடுவார்கள். கடைசியில் ஒரு குழாய் காணாமல் போனால், அது முன்பே இல்லையா, நாம் ரத்தக்கட்டியைத் தள்ளி அடைத்தோமா என்று சொல்ல வழியிருக்காது.

இனி அடைப்பைக் கடப்பது. நேரத்தில் முக்கால்வாசி இதற்கே போகும். 0.035 அங்குல வழுக்கு ஒயர், பின்னால் தாங்க ஒரு கேத்தீட்டர் (மெல்லிய குழல்). முழு அடைப்பில் ஒயர் நடுவழியே போவது அரிது. சுவரின் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து வளையமாக மடங்கும். அதையே முறையாகச் செய்யலாம்: வளையத்தோடு தள்ளிக்கொண்டு போய், அடைப்பு முடிந்த இடத்தில் மறுபடி உள்வழிக்குள் நுழைய வேண்டும். நுழைவதுதான் கஷ்டம். வளையம் அகலமாகி அடைப்பையும் தாண்டிப் போனால், இதுவரை காலைக் காப்பாற்றி வந்த பக்கக்கிளைகளின் வாயையே கிழித்துவிடும். பலூன் தோற்றால் கால் பழைய நிலையைவிட மோசமாகும். மேலிருந்து முடியாவிட்டால் பாதத்தின் மேலோ கணுக்காலிலோ மெல்லிய ஊசியால் குத்தி, கீழிருந்து ஒரு ஒயரை அனுப்பி நடுவில் சந்திக்க வைக்கலாம்.

கடந்துவிட்டோம் என்று தோன்றியதும் பலூனை எடுக்கக் கூடாது. ஒயரை உருவி, கேத்தீட்டர் வழியே கொஞ்சம் சாயம் விட்டு, அது வேகமாக ஓடிக் கலைகிறதா என்று பார்க்க வேண்டும். திட்டாகத் தேங்கி நின்றால் இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறோம்.

பலூன் விட்டம்: இடுப்புத் தமனிக்கு 7 முதல் 10 மி.மீ., தொடைக்கு 5 அல்லது 6, முட்டிக்குப் பின்னால் 4 அல்லது 5, கணைக்காலுக்கு 2.5 முதல் 3.5. சாயமும் உப்புநீரும் பாதிக்குப் பாதி கலந்து, அழுத்தமானி உள்ள பம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். திரையில் முதலில் பலூனுக்கு நடுவே இடுப்புபோல ஓர் ஒடுக்கம் தெரியும், அடைப்பு இறுக்கும் இடம். அழுத்தம் ஏற ஏற அது திடீரென விரியும். இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வைக்கவும். முப்பது நொடியில் இறக்கினால் சுவர்க் கிழிசல் அதிகம்.

விரிக்கும்போது மந்தமான வலி இருக்கும், இறக்கினால் போகும். இறக்கிய பிறகும் வெட்டுவதுபோல வலித்தால் குழாய் கிழிந்திருக்கலாம். அதே இடத்தில் பலூனை மறுபடி குறைந்த அழுத்தத்தில் ஏற்றி அடைத்துக்கொண்டு, துணியுறை போர்த்திய ஸ்டென்ட்டைத் தயார் செய்ய வேண்டும். இதற்காகத்தான் கடைசிப் படம் எடுக்கும்வரை ஒயரை வெளியே எடுப்பதில்லை. பலூன் போகலாம் வரலாம், ஒயர் அங்கேயே நிற்கும்.

இந்த வித்தையை 1964 ஜனவரி 16 அன்று முதலில் செய்த சார்லஸ் டாட்டரிடம் பலூனே இல்லை. ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை ஒயர்மேல் செலுத்தி, 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனியை அகலப்படுத்தினார். காலை எடுக்க அந்த அம்மா சம்மதிக்காததால்தான் வழி தேடினார்கள். கால் பிழைத்தது.

#8 கேத்லேப்_செவிலி

பேசப்படாத இடம், குத்திய இடம். சிக்கல்களில் பெரும்பங்கு இங்கேதான்.

குத்த வேண்டியது தொடை எலும்பின் தலைக்கு நேர் முன்னால். பின்னால் எலும்பு இருந்தால்தான் பிறகு அமுக்க முடியும். மேலே போனால் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் இறங்கும். வெளியே வீக்கமே தெரியாது. அழுத்தம் இறங்குகிறது, நாடி ஏறுகிறது, விலாவிலோ முதுகிலோ வலி என்றால் அரையைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறக் கூடாது. கீழே போனால் துடிக்கும் கட்டி உருவாகும். அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் இவை குறையும். தோல் மடிப்பை நம்பிக் குத்துவது, குறிப்பாகப் பருமனானவர்களிடம், ஏமாற்றும். மடிப்பு ஓரிடம், தமனி ஓரிடம்.

ஷீத்தை எடுத்தபின் 15–20 நிமிடம் கையால் அழுத்தம். தோலில் தெரியும் ஓட்டைக்கு ஒரு விரல் அகலம் மேலே அழுத்துங்கள், ஏனென்றால் ஊசி சாய்வாகப் போவதால் தமனியின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அடிக்கடி கையைத் தூக்கி எட்டிப் பார்த்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து. பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்கை. தையல் கருவியோ அடைப்பானோ போட்டால் இரண்டு மணி நேரம் போதும். இருமினால், தும்மினால் குத்திய இடத்தைக் கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#9 வலைக்கம்பி

எதற்கு இவ்வளவு பேச்சு? 18 செ.மீ. என்றால் பலூன் மட்டும் நிற்காது. ஒரு நீள ஸ்டென்ட் போட்டால் முடிந்தது.

#10 குழாய்த்தச்சன்

@வலைக்கம்பி, பாதி சரி. இடுப்புத் தமனியில் ஸ்டென்ட் அருமையாக நிற்கும், அங்கே தயங்க வேண்டாம். தொடையில், பலூனுக்குப் பிறகு ஓட்டத்தைத் தடுக்கும் கிழிசலோ, 30 சதவீதத்துக்கு மேல் மிச்சக் குறுக்கமோ இருந்தால் போடுங்கள். சும்மா அழகுக்கு வேண்டாம். தொடைக் குழாய் நடக்கும்போது முறுகும், குறுகும், மடங்கும். உலோகம் உடைவதும், அதன் விளிம்பில் சதை வளர்வதும் அதனால்தான். ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைத்தால் திறப்பது முதல் தடவையைவிடச் சிரமம்.

இரண்டு இடத்தில் கை வைக்கும் முன் பத்து தடவை யோசிக்க வேண்டும். ஒன்று அரைப்பகுதித் தொடைத் தமனி. இடுப்பு மடங்கும் இடம், அடுத்த தடவை ஊசி குத்தும் இடமும் அதுதான், ஆழ்தொடைத் தமனி பிரிவதும் அங்கேதான். அந்தக் கிளையை மூடிவிட்டால் காலின் கடைசிச் சேமிப்பு போயிற்று. அங்கே சின்ன வெட்டில் குழாயைத் திறந்து கொழுப்பைச் சுரண்டி எடுப்பதே நல்லது. இன்னொன்று முட்டிக்குப் பின்னால். தவிர்க்கவே முடியாவிட்டால் பின்னல் வகை நிட்டினால் (வளைந்து மீளும் உலோகக்கலவை) ஸ்டென்ட், அதுவும் குழாயை முழு அளவுக்கு விரித்த பிறகு. இல்லாவிட்டால் பின்னல் நீண்டு மெலிந்துவிடும்.

#11 வலைக்கம்பி

ஒப்புக்கொள்கிறேன். மருந்து பூசிய பலூன்? அதில் பூசும் பேக்ளிடாக்ஸல் உயிருக்கு ஆபத்து என்று 2018-இல் வந்ததே?

#12 மாத்திரைப்பெட்டி

2018 டிசம்பரில் வந்த தொகுப்பாய்வு அது. அதன்பின் பெரிய ஆய்வுகளின் நீண்டகாலத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2023 ஜூலையில், கூடுதல் மரண அபாயத்துக்கு ஆதாரம் இல்லை என்று எச்சரிக்கையை மாற்றியது. இப்போது அது தடையாக இல்லை.

பலன் உண்மை. இன்.பேக்ட் எஸ்.எஃப்.ஏ. ஆய்வில் ஓராண்டு முடிவில் குழாய் திறந்திருந்தது மருந்துப் பலூனில் 82.2 சதவீதம், சாதாரணப் பலூனில் 52.4. ஆனால் அதில் அடைப்பின் சராசரி நீளம் 9 செ.மீ.க்கும் குறைவு. 18 செ.மீ. முழு அடைப்புக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் போடாதீர்கள்.

#13 குழாய்த்தச்சன்

அதோடு மருந்துப் பலூன் வழியைத் திறக்கும் கருவி அல்ல. முதலில் சாதாரணப் பலூனால் திறந்து தயார் செய்துவிட்டு, மருந்துப் பலூனை வேகமாகக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். வழியில் தாமதித்தால் மருந்து ரத்தத்தோடு போய்விடும். பூச்சைக் கையால் தொடுவதும் உப்புநீரில் நனைப்பதும் கூடாது. முதல் பலூன் தொட்ட இடம் முழுவதையும் இரு முனையிலும் சற்றுத் தாண்டி மூட வேண்டும். விட்ட இடத்தில்தான் அடுத்த குறுக்கம் வரும்.

சுவர் முழுக்க வளையமாகச் சுண்ணாம்பு இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. அங்கே அதிர்வலைப் பலூனால் சுண்ணாம்பை உடைத்துவிட்டோ, சுரண்டும் கருவியால் செதுக்கிவிட்டோதான் மேலே போக வேண்டும். சுரண்டினால் துகள் கீழே போகும். ஓடுகிற குழாய் ஒன்றே ஒன்று என்றால் வடிகட்டி வைக்காமல் தொடாதீர்கள்.

#14 பாதக்காவல்

புண் உள்ளவர்களைப் பற்றி. இவர்களுக்குப் பெரும்பாலும் கணைக்கால் குழாய்களில்தான் அடைப்பு. இலக்கு, பாதம்வரை தடையில்லாமல் ஒரு நேர்வழி ஓட்டம். முடிந்தால் புண் இருக்கும் பகுதிக்கு ரத்தம் தரும் குழாயையே திறக்க வேண்டும்: குதிகால் புண்ணுக்குப் பின்கணைக்கால் தமனி, பாதத்தின் மேற்புறப் புண்ணுக்கு முன்கணைக்கால் தமனி.

கணைக்காலில் பலூன் சில மாதத்தில் மறுபடி குறுகுவது சகஜம். அதற்குள் புண் ஆறிவிட்டால் பல சமயம் போதும். ஆறிய தோலைக் காக்கக் குறைந்த ரத்தம் போதும், ஆற வைக்கத்தான் அதிகம் வேண்டும். ஆகவே குழாய் திறந்த நாளில் புண் வேலை தொடங்குகிறது. செத்த சதையை எடுப்பது, சீழைத் திறப்பது, அழுத்தம் படாத காலணி. வரிசையும் முக்கியம்: காய்ந்த கறுப்பு விரல் என்றால் முதலில் ரத்தம், பிறகு வெட்டு. சீழ் பிடித்த பாதம் என்றால் முதலில் சீழை விடுங்கள், பலூனுக்காகக் காத்திருக்காதீர்கள்.

#15 தையல்கை

அறுவைப் பக்கமிருந்து ஒரு குறுக்கீடு. கால் பறிபோகும் நிலையில் உள்ளவர்களுக்கு "முதலில் பலூன், முடியாவிட்டால் பைபாஸ்" (அடைப்பைச் சுற்றி மாற்றுவழி தைப்பது) என்பது எல்லோருக்கும் பொருந்தாது. 2022-இல் வந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில், தொடையிலிருந்து நல்ல ஒற்றை நீளச் சிரை கிடைத்தவர்களுக்குப் பைபாஸ் முந்தியது: பெரிய மறுசிகிச்சை, கால் இழப்பு அல்லது மரணம் 42.6 சதவீதம், பலூன் பக்கம் 57.4. அடுத்த ஆண்டே வந்த பாசில்-2, முட்டிக்குக் கீழ் அடைப்பில், நேர் எதிராகப் பலூன் பக்கம் சாய்ந்தது. கால் இழப்போ மரணமோ பைபாஸில் 63, பலூனில் 53 சதவீதம்.

இரண்டையும் வைத்து மல்லுக்கட்டுவதைவிட, சிகிச்சைக்கு முன் இரு கால் சிரைகளையும் ஸ்கேனில் அளந்து வையுங்கள். 3 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள சுத்தமான சிரை, அறுவையைத் தாங்கும் உடம்பு, நீள அடைப்பு என்றால் பைபாஸைப் பேச்சில் கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் பலூன் போடும்போதும், பின்னாளில் பைபாஸ் வந்து இறங்க வேண்டிய இடத்தில் ஸ்டென்ட் வைத்துக் கெடுக்காதீர்கள்.

#16 ஸ்கேன்_அறை

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு: அயோடின் சாயத்துக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு வாயு வைத்துத் தொடைவரை படமெடுக்கலாம். உதரவிதானத்துக்குக் கீழே மட்டும். மேலே போனால் மூளைக்குப் போகும். ஊசிகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், காலைச் சற்று உயர்த்தினால் வாயு பாதம்வரை ஏறும். கணைக்காலில் படம் மங்கல்தான். அங்கே கொஞ்சம் சாயம் தவிர்க்க முடியாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் அன்றிலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துத் தொடரட்டும்.

#17 கெண்டைவலி

கடைசிக் கேள்வி. வீட்டுக்கு வரும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

#18 கேத்லேப்_செவிலி

படங்கள் உள்ள சி.டி., முதல் படமும் கடைசிப் படமும் பாதம்வரை. எந்தக் குழாயில் என்ன விட்டம், என்ன நீளம், மருந்துப் பலூனா இல்லையா, ஸ்டென்ட் அட்டை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் சேர்த்துக் கொடுத்திருந்தால் எந்தத் தேதிவரை, அதன்பின் எது தொடரும் என்று எழுத்தில். "தொடரவும்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கேளுங்கள், பல் பிடுங்கப் போகிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாள் ஏ.பி.ஐ.

#19 ஸ்கேன்_அறை

அந்த ஏ.பி.ஐ.தான் இனி உங்கள் அடிக்கோடு. ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டில் மறுபடி எடுங்கள், 0.15-க்கு மேல் இறங்கினால் வலி திரும்பாவிட்டாலும் டாப்ளர். ரிப்போர்ட்டில் வேக விகிதம் (குறுகிய இடத்தின் ரத்த வேகம், அதற்கு முந்தைய இடத்தைவிட எத்தனை மடங்கு) 2.5-க்கு மேல் என்று இருந்தால் பாதிக்கு மேல் குறுகியிருக்கிறது. குறுகும்போது பிடித்தால் அரை மணி வேலை. முழுசாக அடைத்த பிறகு வந்தால் #7-இல் சொன்ன அதே வளையம், அதே தள்ளல், இந்தத் தடவை உலோகத்துக்குள்.

#20 கெண்டைவலி

குறித்துக்கொண்டேன். சிரை அளவு ரிப்போர்ட்டில் இல்லை, அதைக் கேட்டு வாங்குகிறேன்.